ஓட்டையெல்லாம் அடைத்த வண்டி

கல்யாணமான முதல் வருஷத்தில் என் வீட்டுக்காரரை நான் அதிகம் பார்த்தது பாதங்களாகத்தான். மீதி உடம்பு பிக்கப் வண்டிக்கு அடியில் கிடக்கும். இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து "புள்ள, அந்தக் கம்பி பிரஷ்ஷ எடு" என்று குரல் வரும். நான் பிரஷ்ஷைத் தள்ளிவிட்டு, போகிற போக்கில் உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டிவிட்டுப் போவேன். அவர் துள்ளுவார், தலை சேஸ் சட்டத்தில் டங்கென்று இடிக்கும். அதைக் கேட்டு எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொள்வார். எங்களுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

எங்களுக்கு நாகப்பட்டினம். துறைமுகத்தில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் பெட்டியில் அடுக்கி, திருவாரூர் வழியாகத் தஞ்சாவூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவதுதான் தொழில். சில நாட்கள் திருவையாறு வரைக்கும் போவோம். வண்டி பழைய வண்டி, மூன்றாவது கை. எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் அதில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தார். அதுவரை அதற்கு நல்ல வாழ்க்கை. எங்களிடம் வந்த பிறகு உப்பும் மீன் ரத்தமும் கலந்த ஐஸ் தண்ணீர் இரவு பகலாக அதன் மேல் சொட்ட ஆரம்பித்தது.

வண்டியை ஓட்டுவது நான். என் ஓட்டும் திறமையைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை என்பதால் சொல்லிவிடுகிறேன்: நான் அருமையாக ஓட்டுவேன். மீன் மார்க்கெட் சந்தில், இருபுறமும் கூடைக்காரிகள் உட்கார்ந்திருக்க, ஒரு கெண்டை மீன் வாலைக்கூட மிதிக்காமல் பின்பக்கமாகவே உள்ளே நுழைந்து நிறுத்துவேன். அப்படி நிறுத்திவிட்டு இறங்கும்போதுகூட யாராவது ஒரு ஆள் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "என்னப்பா, பொம்பளப் புள்ள கையில வண்டியக் குடுத்துட்டு உக்காந்திருக்கே?" என்று கேட்பார். அன்றைக்கு அந்த ஆளுக்கு நல்ல நாள் இல்லை. நான் திட்டி முடிப்பதற்குள் ஐஸ் உருகிவிடும் என்று என் வீட்டுக்காரர் என்னை இழுத்துக்கொண்டு போவார்.

அவருக்கு ஓட்ட வராது என்பது அவர் குற்றமில்லை. சின்ன வயதிலிருந்து ஃபைபர் போட்டில் சுக்கான் பிடித்த கை. போட்டில் பிடியை இடது பக்கம் தள்ளினால் போட்டு வலது பக்கம் திரும்பும். அந்தக் கை ஸ்டியரிங்கைப் பிடித்தால் என்ன ஆகும்? ஒருமுறை கீழ்வேளூர் பக்கம் ஆளில்லாத ரோட்டில் ஆசைக்குக் கொடுத்துப் பார்த்தேன். வலது பக்கம் திருப்பச் சொன்னேன், இடது பக்க வாய்க்காலுக்குள் இறக்கினார். இறக்கிவிட்டு, "தண்ணியத் தேடி அதுவா போவுது புள்ள" என்றார். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

அவரும் அவர் அண்ணனும் சேர்ந்துதான் அந்த ஃபைபர் போட்டை வைத்திருந்தார்கள். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அண்ணன் அதை விற்றுவிட்டு பஹ்ரைனுக்குப் போய், அங்கே அரபியின் போட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். தம்பிக்கும் ஒரு விசா தயாராக வைத்திருந்தார். நாங்கள் வண்டி வாங்கியது அவருக்குப் பிடிக்கவில்லை. "பழைய இரும்ப வாங்கி வச்சிருக்கீங்க, உப்பு தின்னுடும்" என்று போனிலேயே சண்டை போட்டார். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார். வருஷத்துக்கு ஒருமுறை வண்டியை எஃப்.சி.க்குக் காட்டி, ஓடத் தகுதியானது என்று சான்று வாங்க வேண்டும் அல்லவா? அதில் வண்டி தேறினால் தம்பி ஊரிலேயே இருக்கலாம். தேறாவிட்டால் பேசாமல் விமானம் ஏற வேண்டும். அண்ணன் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாத என் வீட்டுக்காரர் "சரிண்ணே" என்று சொல்லிவிட்டார்.

போனால் இரண்டு வருஷம் கழித்துத்தான் வர முடியும். எனக்கு இந்த மனிதர் டீ குடிக்கக் கடைத்தெரு வரை போனாலே வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தோன்றும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு வருஷம் என்றதும் கம்பி பிரஷ்ஷை வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தவள் நான்தான். ஆக, எங்கள் குடும்பம் சேர்ந்திருப்பதும் பிரிவதும் ஒரு பழைய பிக்கப்பின் அடிப்பாகத்தில் இருந்தது. அதனால்தான் அவர் வண்டிக்கு அடியிலேயே குடித்தனம் நடத்தினார்.

துருவோடு அவர் போட்ட சண்டை தனிக்கதை. வண்டியை அவர் வண்டியாகப் பார்க்கவே இல்லை, போட்டாகத்தான் பார்த்தார். முன்பக்கத்தை அணியம் என்பார். "அணியத்துல ஒரு கீறல் இருக்கு புள்ள" என்று காலையில் எழுந்ததும் சொல்வார். முதல் வேலையாக, அடிப்பாகம் முழுக்கக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி, மத்தி மீன் காய்ச்சிய எண்ணெயைத் தடவினார். அந்தக் காலத்து மரப் போட்டுகளுக்கு அதைத்தான் தடவுவார்களாம். நாற்றம் என்றால் உங்கள் வீட்டு நாற்றம் எங்கள் வீட்டு நாற்றம் இல்லை. எங்களுக்கே, மீன் கூடைக்குள் பிறந்து வளர்ந்தவர்களுக்கே, முதல் வாரம் சோறு இறங்கவில்லை.

பூனைகளுக்கு மட்டும் எங்கள் வண்டி வந்தால் திருவிழா. தஞ்சாவூர் மார்க்கெட்டில் நிறுத்தினால், மேலே பெட்டி பெட்டியாக வஞ்சிரமும் சங்கராவும் இருக்க, அதையெல்லாம் விட்டுவிட்டு ஆக்ஸிலை நக்கிக்கொண்டிருக்கும். ஒரு சாம்பல் பூனை பட்டை ஸ்பிரிங் மேல் ஏறித் தூங்கிவிட்டு, நீடாமங்கலம் வரைக்கும் எங்களோடு வந்து, ரயில்வே கேட்டில் நிறுத்தியபோது இறங்கி ஒன்றும் நடக்காதது போல நடந்து போனது. அதற்கு அங்கே சொந்தக்காரர்கள் இருக்கலாம்.

அறுவடை சமயத்தில் இன்னொரு தொல்லை. திருவாரூர் தாண்டினால் ரோடு முழுக்க உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருப்பார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரத்தில் மிதிபட்டு உளுந்து உதிர வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கொடியெல்லாம் எங்கள் வண்டியின் ஷாஃப்டில் சுற்றிச் சுற்றி ஒரு தலையணை அளவுக்கு வந்துவிடும். என் வீட்டுக்காரருக்கு அதைக் கண்டால் குஷி. போட்டை ஓட்டும் விசிறியில் வலை சிக்கினால் எப்படி வெட்டி எடுப்பாரோ, அதே போலக் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு கீழே நுழைவார். வயல்காரர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். வெளியே வரும்போது ஒரு கை உளுந்தோடு வருவார். அதை ஊறப்போட்டு வடை சுட்டிருக்கிறேன். மீன் எண்ணெய் வாசனை அடித்தது, ஆனால் வடைதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒருநாள் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர் கீழேயிருந்து, "புள்ள! வண்டியில ஓட்டையா இருக்கு!" என்று அலறினார். நானும் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு அடியில் நுழைந்து பார்த்தேன். உண்மைதான். கதவுகளின் அடி ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். சேஸ் சட்டத்தில் அங்கங்கே ஓட்டைகள். கம்பெனிக்காரன் வேண்டுமென்றே போட்டதைப் போல வட்டமாக, அழகாக இருந்தன.

கடலில் பிழைத்தவனுக்குக் கீழ்ப்பக்கத்தில் ஓட்டை என்றால் அதற்கு மேல் யோசனை ஓடாது. அடைத்தால் பிழைப்பான், இல்லாவிட்டால் இல்லை. நானும் மீனவத் தெருவில் பிறந்தவள்தானே, எனக்கும் அதற்கு மேல் ஓடவில்லை. "இவ்ளோ நாளா இதுல தண்ணி ஏறிக்கிட்டு இருந்திருக்கு பாரேன்" என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பதறினோம். போட்டுக்கு ஒட்டுகிற ஃபைபர் துணியும் ரெசின் பசையும் வீட்டிலேயே இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஓட்டை ஓட்டையாகத் தேடிப்பிடித்து அடைத்தோம். நான் ரெசின் கலக்கிக் கொடுத்தேன், அவர் ஒட்டினார். பின் சக்கரங்கள் இரண்டையும் சேர்க்கும் ஆக்ஸிலின் மேல் சின்ன மூக்கு மாதிரி ஒரு குழாய் இருந்தது, அதன் மூடி உடைந்திருந்தது. அதையும் விடவில்லை. சாயங்காலம் வெளியே வந்து, "இப்ப கடல்ல இறக்கினாக்கூட மிதக்கும்" என்றார். அவ்வளவு பெருமை. நான் கண்ணேறு படாமலிருக்க வண்டிக்குச் சுற்றிப் போட்டேன்.

அதற்குப் பிறகு வண்டி பேச ஆரம்பித்தது. வளைவில் திருப்பினால் கதவுக்குள்ளே யாரோ வாய் கொப்பளிப்பது போலச் சத்தம் வரும். பிரேக் போட்டால் தண்ணீர் முன்னால் ஓடி வந்து மோதும். "கடல் மாதிரியே கேக்குது" என்று அவர் கதவில் காதை வைத்துக்கொண்டு ரசித்தார். நானும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணமான புதிது, எந்தச் சத்தமும் நல்ல சத்தமாகத்தான் கேட்டது.

எஃப்.சி. நாள் வந்தது. வண்டியைக் கழுவி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டிக் கொண்டுபோனோம். விளக்கு, ஹாரன், ஸ்டியரிங் எல்லாம் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் பிரேக்கைப் பார்த்தார். முகம் மாறியது. கீழே குனிந்து பின் சக்கரத்தைத் தொட்டு விரலை நீட்டினார். கறுப்பாக எண்ணெய்.

"பின்னாடி ரெண்டு பக்கமும் பிரேக்கே புடிக்கலம்மா. கியர் ஆயில் பிரேக் டிரம்முக்குள்ள வழியுது. இதுல எப்படி லோடு ஏத்தி ஓட்டுறீங்க? சரி பண்ணிட்டு அடுத்த வாரம் கொண்டாங்க."

பக்கத்தில் நின்ற புரோக்கர் ஒருவர், "பொம்பள ஓட்டினா இப்படித்தான் சார், பிரேக்கு மேலயே கால வச்சிருக்கும்" என்றார். வேறு நாளாக இருந்தால் அவரை அங்கேயே மடித்து வைத்திருப்பேன். அன்றைக்கு என் கண் என் வீட்டுக்காரர் மேலேயே இருந்தது. அவர் வண்டியின் மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் போய்விடுவார் என்பது அப்போதுதான் எனக்கு நிஜமாகவே உறைத்தது.

நேராக நாகூர் ரோட்டில் ஒரு மெக்கானிக் பாயிடம் விட்டோம். பாய் பெரிய உருவம், பெரிய தொண்டை. மீன் எண்ணெய் நாற்றத்துக்கு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, எங்கள் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டேதான் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பிரேக் லைனிங் எல்லாம் எண்ணெயில் ஊறியிருந்தது.

"ஆயில தடுக்கிற சீல் போயிருக்கு. ஆனா ரெண்டு பக்கமும் ஒண்ணா எப்படிப் போவும்?" என்று முனகிக்கொண்டே அடியில் நுழைந்தார். ஆக்ஸிலைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார். "தம்பி, ஆக்ஸில் மேல சின்னதா ஒரு குழாய் இருக்குமே, அது எங்க?"

"அதா பாய்? அதை நான் அப்பவே அடைச்சிட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர், சோகத்துக்கு நடுவிலும் கொஞ்சம் பெருமையாக.

"அடைச்சியா? ஏன்?"

"தண்ணி ஏறிடும்ல பாய்."

அடியிலிருந்து ஒரு குலுங்கல் வந்தது. பாய்க்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து குனிந்தேன். படுத்த வாக்கில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். "யா அல்லா! அது ஆக்ஸில் மூச்சு விடுற ஓட்டைடா! ஓட ஓடச் சூடாவும், உள்ள காத்து பெருக்கும், அது வழியாத்தான் வெளிய போவணும். நீ மூக்க அடைச்சிட்டே. அது வேற வழியில்லாம ஆயில சீல் வழியா ரெண்டு பக்கமும் துப்பியிருக்கு!" வெளியே வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் எதையெல்லாம் அடைச்சே? சொல்லு."

என் வீட்டுக்காரர் கதவைக் காட்டினார். பாய் டிரில்லை எடுத்து ரெசினில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். அவ்வளவுதான். கதவுக்குள் மாதக்கணக்காகச் சிறையிருந்த தண்ணீர், மீன் செதிலும் ஐஸ் சேறுமாக, பீறிட்டு வந்து பாயின் கைலியை நனைத்தது. பட்டறையில் இருந்தவர்கள் எல்லாம் ரோட்டுக்கு ஓடினார்கள். எங்கிருந்தோ பூனைகள் வந்தன. பாய் போட்ட சத்தத்தில் எதிரே பரோட்டாக் கடையில் கல்லை விட்டு மாஸ்டர் வெளியே வந்து நின்றார். நானும் என் வீட்டுக்காரரும் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், அவ்வளவுதான், தரையில் உட்கார்ந்து சிரித்தோம். பிரியப் போகிறவர்கள் அப்படிச் சிரித்ததைப் பார்த்து, விசா கதையைக் கேட்டிருந்த பாய்க்குக் கோபம் போய்விட்டது.

ஆனால் அடுத்த வேலை சிரிப்பில்லை. சேஸ் சட்டத்து ஓட்டைகளைத் திறந்ததும், தேங்கிய தண்ணீர் உள்ளே அரித்திருக்குமோ என்று பாய் சுத்தியலை எடுத்து முன்னாலிருந்து ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டு வந்தார். நல்ல இரும்பு டங் என்று சொல்லும். அரித்த இரும்பு பொத்தென்று கேட்கும். சேஸ் போய்விட்டால் சீல் மாற்றியும் பிரயோஜனமில்லை, எந்த இன்ஸ்பெக்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். நான் என் வீட்டுக்காரர் சட்டை முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டங். டங். டங். பின் ஆக்ஸிலுக்கு மேலே, ஸ்பிரிங் வந்து சேருகிற இடத்தில், பொத்து.

பாய் அங்கேயே சுரண்டினார். இரும்பு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. மேலும் தட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு அப்பால் மறுபடி டங் என்றது. "தப்பிச்சீங்க. இந்த ஒரு எடம்தான். வெட்டிட்டு பிளேட்டு வச்சு வெல்டிங் வச்சிடலாம். இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா பொட்டலம் கட்டி எடைக்குப் போட்டிருக்கணும்." பிறகு மனசே வராமல் ஒன்று சொன்னார். "வெளியில அந்த எண்ணெய் தடவின எடமெல்லாம் புதுசு மாதிரி இருக்கு. நாறத்தான் செய்யுது."

அந்த வாரம் முழுக்கப் பட்டறையிலேயே இருந்தோம். அடைத்த ஓட்டைகளையெல்லாம் தேடித்தேடித் திறந்தோம். அடைத்த வேகத்தைவிடத் திறந்த வேகம் அதிகம். வெல்டிங் வைத்த இடத்துக்கு ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் மேலே எங்கள் மத்தி எண்ணெயையே தடவினோம், பாய் துண்டை மறுபடி மூக்கில் கட்டிக்கொண்டார். சக்கரத்துப் பேரிங்குகளுக்கு கிரீஸ் வைக்கிற வேலையை எங்களிடம் விட்டார். உள்ளங்கையில் கிரீஸை எடுத்து பேரிங்கை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்குகிற வரைக்கும் வைக்க வேண்டும். வைத்த கிரீஸில் பாதி என் மூக்கிலும் அவர் காதிலும் இருந்தது. யாரும் பார்க்காதபோது என் கன்னத்தில் மீசை வரைந்துவிட்டார். நான் அதோடு கடைத்தெரு வரை போய் டீ வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், டீக்கடைக்காரர் சொல்லவே இல்லை.

மறுபடி எஃப்.சி. இந்த முறை மாலை இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. இன்ஸ்பெக்டர் வண்டியை ஓட்டச் சொன்னார். "போடும்மா பிரேக்கு" என்றார். போட்டேன். வண்டி நின்ற நிற்பில் என் வீட்டுக்காரர் கண்ணாடியில் மூக்கை மோதிக்கொண்டார். நாலு சக்கரமும் ஒன்றுபோலப் பிடித்தன. இன்ஸ்பெக்டர் அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டே பாஸ் என்றார்.

நான் வண்டியிலிருந்து குதித்தேன். மைதானம் முழுக்க லாரிக்காரர்களும் வேன்காரர்களும் வரிசையில் நிற்கிறார்கள் என்பதே நினைவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினேன். அவர் உடனே அண்ணனுக்குப் போன் போட்டு, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். அதனால் அந்த மைதானமே கேட்டது.

"அண்ணே, வண்டி பாஸாயிடுச்சுண்ணே!"

"அப்படியா! ரொம்பச் சந்தோசம்டா தம்பி" என்றார் அண்ணன். நிஜமான சந்தோஷம்தான். அடுத்து சொன்னார். "அப்ப கவலையே இல்ல. வண்டியத்தான் உன் பொஞ்சாதி ஜோரா ஓட்டுதே, ஊரே சொல்லுது. தொழில அது பாத்துக்கும். நீ அங்க ஓட்டவும் மாட்டே, சும்மா பக்கத்துல உக்காந்துக்கிட்டு என்ன பண்ணப் போற? இந்த மாசமே கிளம்பி வந்துடு."

ஆடிக்கொண்டிருந்த என் கால் நின்றுவிட்டது. வண்டி தேறாவிட்டால் போக வேண்டும் என்றுதானே பேச்சு. தேறியதால் போக வேண்டும் என்று ஆகும் என எவருக்குத் தெரியும்? அதற்கு என் ஓட்டும் திறமையே சாட்சியாகுமென்று எனக்கு எப்படித் தெரியும்? யாராவது ஒருவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டாரா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். என் காதுபட ஒப்புக்கொண்ட முதல் மனிதர் இவர்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அண்ணனிடம் வாழ்க்கையில் முதல் பொய்யைச் சொன்னார்.

"இல்லண்ணே. ஊரு சும்மா சொல்லுது. அவளுக்கு ஓட்டவே வராது. நான் பக்கத்துல இருந்து சொல்லிச் சொல்லித்தான் ஓட்டுறா."

சுற்றிலும் டிரைவர்கள். போன வாரத்து புரோக்கரும் அவர்களோடு நின்றார். எல்லாரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. போனை என் பக்கம் இழுத்தேன்.

"ஆமாங்க மாமா" என்றேன். "எனக்கு ரிவர்ஸ் சுத்தமா வராது. லோடு ஏத்தினா பயமா இருக்கும். அவுங்க பக்கத்துல இல்லாட்டி ஸ்டியரிங்கத் தொடவே மாட்டேன்."

"அதானே பாத்தேன்" என்றார் அண்ணன், ஒரு நொடிகூட யோசிக்காமல். "எனக்கு அப்பவே சந்தேகம்தான். சரி சரி, நீ இருந்துக்க தம்பி. அதைத் தனியா விட்டுடாதே."

எனக்கு ஓட்டத் தெரியும் என்று நம்பவைக்க நான் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறேன். தெரியாது என்று நம்பவைக்க ஒரு பேச்சு போதுமானதாக இருந்தது. புரோக்கர் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் என் கையை விடவே இல்லை, நானும் அவர் கையை விடவில்லை.